பதினேழாவது கேள்வி

படிவத்தில் முப்பத்திரண்டு கேள்விகள்.
பதினேழாவது: படிப்பை நிறுத்தியதற்கான காரணம்.
அ, ஆ, இ, ஈ. கடைசியில் 'மற்றவை' என்று
விரல் நீளத்துக்கு ஒரு கோடு.

பாம்பன் பாலத்தில் பேருந்து ஏறியபோது
மடியிலிருந்த கட்டைக் காற்று
பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தது.

தங்கச்சிமடத்தில் எங்கள் மையம்
காலை பத்து முதல் மாலை ஐந்து வரை.
சுவரில் கோட்டுப் போட்ட பையன் ஒருவன்
மடிக்கணினியைப் பார்த்துச் சிரிக்கிறான்.
அவனுக்கு வியர்ப்பதே இல்லை.
முதல் நாள் இருபத்தாறு பேர். உளுந்த வடை இருந்தது.
இரண்டாம் நாள் நானும் மின்விசிறியும்,
வாசலில் வந்து மோப்பம் பிடித்துப் போன ஓர் ஆடும்.

மூன்றாம் வாரம் படிவத்தைத் தூக்கிக்கொண்டு
படகு அணையும் இடத்துக்கு நானே போனேன்.
நம்புசேகர் வலையில் சிக்கிய நண்டைக்
காலொடியாமல் கழற்றிக்கொண்டிருந்தான்.
பத்தொன்பது வயது. ஒன்பதாம் வகுப்பு, அரையாண்டு வரை.
தலைப்பை ஒரே மூச்சில் வாசித்தான்:
"இடைநின்ற இளைஞர்களுக்கான..."
வாசித்துவிட்டுக் கேட்டான்:
"எங்கக்கா நின்னோம்?
சனிக்கெழம ஏறுனா ஞாயித்துக்கெழம எறங்குறோம்.
அந்த ராத்திரியில எவன் நிக்கிறான்?"

பேனா மூடியைக் கடித்தேன். உப்புக் கரித்தது.

அவன் ஜி.பி.எஸ்ஸில் பாறை, வலை கிழிந்த இடம்,
சித்தப்பாவின் நங்கூரம் மாட்டிய இடம்,
எல்லாம் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்.
தசமம் வரவில்லை என்றுதான்
எட்டாம் வகுப்பில் முட்டி போட வைத்தார்களாம்.

ஜெனிட்டா நண்டுக் கம்பெனியில் சதை பிரிக்கிறாள்.
தட்டுக்கு நாற்பது கிராம் தராசில் காணாமல் போவதைக்
காலண்டர் தாளின் பின்பக்கம் கூட்டி வைத்திருந்தாள்.
எட்டுப் பெண்கள், முப்பது நாள், அடியில் ஒரு தொகை.
'கணிதத் திறன்' கட்டத்தில் என்ன எழுத என்றேன்.
"பெயில்னு போடுங்க. மார்க் ஷீட்ல அதான இருக்கு.
தையல் வேணாம்க்கா. வீட்ல ரெண்டு மெஷின் தூங்குது.
எடைக்கு ஒரு சட்டம் இருக்காம்ல, அத வாசிக்கணும்."

அசனுதீனுக்கு ஐஸ் பிளாண்டில் இரவு வேலை.
எங்கள் பத்து மணி அவனுக்கு நடுநிசி.

அன்றிரவு பதினேழை அடித்துவிட்டு எழுதினேன்:
நீங்கள் எந்நேரம் விழித்திருப்பீர்கள்?

அதன் பிறகு பூட்டு மாலை ஆறரைக்குத் திறந்தது,
படகு போகாத நாட்களில் மட்டும்.
கோட்டுப் பையனைக் கழற்றித் திருப்பி மாட்டினோம்.
அவன் முதுகில் தட்டு, கிராம், ரூபாய்.
பாடத்தைக் குரலில் பதிந்து அனுப்பினேன், இரண்டரை நிமிடம்.
நீண்டால் நடுக்கடலில் சிக்னல் அறுந்து
இலங்கை அவர்களை வரவேற்றுக் குறுஞ்செய்தி அனுப்புகிறதாம்.

எல்லாரும் வரவில்லை.
அசனுதீன் வந்தான், சுவரில் சாய்ந்து தூங்கினான்.
எழுப்பவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதினேன்.
ராமநாதபுரத்திலிருந்து போன்: பயனாளிகள் எத்தனை?
பதினொன்று.
இலக்கு அறுபதாச்சே.

சட்டத்தை வாசித்த மறுநாள் ஜெனிட்டா
காலண்டர் தாளை மேலாளர் மேசையில் வைத்தாள்.
மதியத்துக்குள் அவளுக்கு வேலை இல்லை.
வேலை வாங்கித் தர வந்த சேவையின்
முதல் விளைவு இது. எந்தக் கட்டத்தில் எழுதுவது?
'மற்றவை' கோட்டைத் தாளின் விளிம்பு வரை நீட்டினேன்.
போதவில்லை.
மறுநாள் மாலை, அந்த எட்டுப் பேரில் இரண்டு பேர்
செருப்பை வெளியே விடலாமா, உள்ளே விடலாமா என்று
வாசலில் நின்றார்கள். ஜெனிட்டா நாற்காலி இழுத்துப் போட்டாள்.

பதினோரு மணிக்கு நம்புசேகரின் குரல்,
பின்னால் கயிறு இழுபடும் சத்தம்:
"நாளைக்கிக் கடல் இல்லக்கா, காத்து.
நீங்க தெறப்பீங்களா?"