உலர ஆறு மணி நேரம்

கம்பளத்தைக் கிழித்தெடுத்தபோது
அறுபத்தொன்பதாம் ஆண்டின் ஆரஞ்சுச் சுழல்கள்
தூசாகி எங்கள் மூக்கில் ஏறின.
அடியில் ரப்பர்,
பிஸ்கட்போல் நொறுங்கும் பழுப்பு ரப்பர்.
அதற்கும் அடியில் செய்தித்தாள்:
கம்பளி விலை, கப்பல் வருகை,
யாரோ ஒருவருடைய நாயைக் காணவில்லை.
அதற்கும் அடியில்தான் ரிமு மரம்.

ஃபெர்கஸ் மண்டியிட்டு
எச்சில் தொட்டு ஒரு பலகையைத் தேய்த்தான்.
கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பு விழித்தது.
"அப்பாவுக்குத் தெரிந்திருக்குமா?" என்றான்
சுவரைப் பார்த்து.
ஏழு வருடங்களாக
அவன் என்னிடம் பேசுவதெல்லாம்
சுவர் வழியாகத்தான்.

டனீடினில் ஆகஸ்ட்.
மூச்சு விட்டால் புகை.
வீட்டை விற்க வேண்டும்.
அம்மா இருக்கும் இல்லத்துக்கு
மாதாமாதம் கட்ட வேண்டும்.
இந்த இரண்டு வாக்கியங்களில் மட்டும்
எங்களுக்குள் சண்டையில்லை.

ஸ்டேப்பிள் ஊசிகளைப் பிடுங்கிப் பிடுங்கி
நானூற்றுப் பன்னிரண்டில் எண்ணுவதை விட்டேன்.
கதவருகே ஏதோ ஒரு பூனை விட்டுப்போன கறுப்பு.
கணப்படுப்பின் முன்னால்
அம்மை வடுபோலத் தீப்பொறிக் குழிகள்.
வாடகைக்கு எடுத்த தேய்ப்பு இயந்திரம்
கயிறறுத்த கன்றுபோல் இழுத்தது.
ஓரிடத்தில் ஒரு விநாடி அதிகம் நின்றால் பள்ளம்.
ஃபெர்கஸ் நின்றான்.
பள்ளம்.
"அப்பவே சொன்னேனே" என்று நான் சொல்லவில்லை.
அவனுக்குக் கேட்டுவிட்டது.

இயந்திரம் தந்த கடைக்காரர் சொல்லியிருந்தார்:
இந்தப் பலகை இன்னும் இரண்டு தேய்ப்புத் தாங்கும்.
ஒன்று உங்களுடையது.
அதற்குப் பிறகு ஒன்று.
அதற்கும் பிறகு ஆணியின் தலைதான்.

மூன்றாம் நாள் வார்னிஷ்.
ஜன்னலில் தொடங்கிக் கதவை நோக்கிப் பின்வாங்கு,
விதி அவ்வளவுதான்.
இடப்பாதியை நான் அப்படித்தான் செய்தேன்.
வலப்பாதியை அவன்
என் முகம் பார்க்க வேண்டாமென்று
கதவிலிருந்து தொடங்கினான்.

தூரிகையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது
நான் கதவுக்கு வெளியே.
அவன் ஜன்னல் மூலையில்,
ஒரு பாயளவு உலர்ந்த மரத்தின் மேல்.
நடுவில் தேன்நிறக் குளம்.
ஜன்னலோ, பெயின்ட் மேல் பெயின்ட் ஏறி
நாங்கள் பிறக்கும் முன்பே ஒட்டிப்போனது.

டின்னில் எழுதியிருந்தது:
உலர ஆறு மணி நேரம்.
கீழே பொடியெழுத்தில்:
குளிரில் கூடுதலாகலாம்.

நான் சிரித்துவிட்டேன். நியாயமில்லைதான்.
முதல் மணி நேரம் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான்.
பேட்டரி செத்தது.
அப்புறம், பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாமல்,
என்னைப் பார்த்தான்.
"படகை விற்றது உனக்குத் தெரியும்."
"தெரியும். பணம் போன இடம்தான் தெரியாது."
சொன்னான்.
யாருக்கென்று சொன்னான், எவ்வளவென்று சொன்னான்.
நான் நினைத்திருந்த ஆள் இல்லை.
நினைத்திருந்த தொகையும் இல்லை.
வார்னிஷ் நெடி கண்ணை எரித்தது.
தெருவிளக்கு எரியும்வரை
இருவரும் ஒன்றும் பேசவில்லை.

"பசிக்குது."
என் பையில் ஓர் ஆப்பிள் இருந்தது.
பள்ளிக்கூடக் கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நின்றவன் அவன்,
கைக்கு வந்த பந்தை விட்டதில்லை.
கைக்கு வந்தால்தானே.
குளத்தின் நடுவில் விழுந்து
ஒருமுறை துள்ளி,
அவசரமே இல்லாமல் உருண்டு
அவன் காலடியில் போய் நின்றது.
சுரண்டுகிற கத்தியால் தோலைச் சீவி
முழுசாகத் தின்றான்,
நடுத்தண்டு உட்பட.

அடுத்த வாரம் தரகர் திருமதி பெத்தூன்
முட்டிபோட்டுக் குனிந்தார்.
"இதென்ன, ஒரு வட்டம், அப்புறம் ஒரு கோடு?"
"ஆப்பிள்," என்றேன்.
"இன்னொரு தடவை தேய்த்துவிடலாமே?"
"ஒன்றுதான் மிச்சம்," என்றான் ஃபெர்கஸ்.
"அது வாங்குகிறவர்களுக்கு."
பதில் அவருக்கு. பார்வை என் மேல்.

அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.
தலைகீழாகவும் வாசிக்க முடிந்தது:
அசல் ரிமு. சிறு குறைகள்.
விலை பேசிக்கொள்ளலாம்.