சைக்கஸ் ஒன்று, நானூற்றைம்பது

தண்ணீர் கேன் போடுகிறவர் பனை என்கிறார்.
எதிர்வீட்டு நவநீதனுக்கு அது ஈச்சை.
நான் யாரையும் திருத்துவதில்லை.
'சைக்கஸ் ஒன்று, நானூற்றைம்பது' என்று
துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு
ஏற்காட்டு நர்சரியில் லூர்துநாதன் சொன்னது ஒரே வரி:
"மறந்துட்டீங்கன்னா பொழைச்சுக்கும்க்கா."

இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
பஸ்ஸில் அது என் மடியில்.
வளைவுக்கு ஒரு குத்து முழங்கையில்.

மறக்க எனக்கு வரவில்லை.
தினம் காலையில் ஒரு சொம்பு.
மூன்றாம் மாதம் அடித்தண்டை அழுத்தினால்
அழுகிய சேனையில் போவதுபோல்
விரல் உள்ளே போனது.
கெட்டதைச் சீவி, சாம்பல் அப்பி,
செய்தித்தாள்மேல் பத்து நாள் காயக் கிடத்தி
மணலும் செங்கல் பொடியும் பாதிக்குமேல் கலந்து
திரும்ப நட்டேன்.
எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் என்றால், ஒன்றும்.

கோரிமேட்டில் வெள்ளையும் ஒரு வானிலை.
சுரங்கப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
கொடித்துணி, பைக் சீட்டு, காயவைத்த புளி
எல்லாம் ஒரே வயதாகிவிடும்.
அதனால்தான் இலைக்கடியில் புள்ளி புள்ளியாய் வந்ததை
கல்தூசு என்று இரண்டு வாரம் விட்டுவிட்டேன்.
ஈரத்துணி போட்டேன். தூசு வந்துவிட்டது,
புள்ளி வரவில்லை.
நகத்தால் கீறினால்
ஓட்டுக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் ஓர் உயிர்.
பிறகென்ன, வேப்பெண்ணெய், சோப்புத் தண்ணீர்,
பழைய பல் பிரஷ்;
ஒரு மட்டைக்கு நூறு சிற்றிலை,
ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு மட்டை.

வேலை எனக்கு ஜவ்வரிசி ஆலையில்.
மாவு எவ்வளவு வெள்ளை, எவ்வளவு ஈரம்,
அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது.
மேனேஜர் சீரங்கன் எங்கோ கேள்விப்பட்டு வந்து கேட்டார்:
"உங்க செடியிலயும் ஜவ்வரிசி எடுப்பாங்களாமே?"
"எடுப்பாங்க சார்.
சரியா அலசத் தெரியலைன்னா ஆளும் போவாங்க."
அவர் டீயைக் கீழே வைத்தார்.

அடுத்த வருஷம் பழைய மட்டைகள்
ஓரத்திலிருந்து மஞ்சளாயின.
மருந்துக்கடையில் பேதி உப்பு கேட்டேன்.
"யாருக்கு?"
"செடிக்கு."
"எத்தனை நாளா போகலை?" என்றான்,
சிரிக்காமல்.
உள்ளே இருப்பது மெக்னீசியம்தான்.
மாடியில் நின்றால் தெரிகிற வெள்ளைக் கரடும் அதேதான்,
லாரி லாரியாய்.
மலைமலையாய் இருப்பது வேறு,
வேருக்குக் கரைந்து வருவது வேறு.
இதை நினைத்ததும் அண்ணன் ஞாபகம் வந்தது.
வாளியைக் கழுவப் போய்விட்டேன்.

புரட்டாசி மழை இரண்டு விழுந்த பின்
நடுக்குருத்து பூனைக்காதுபோல் பஞ்சாகி
ஒரே வாரத்தில் பதினொரு மட்டை
ஒன்றாய் எழுந்தன.
ஒவ்வொரு சிற்றிலையும் கடிகாரச் சுருளாய்ச் சுருண்டிருக்க
அந்த நாட்களில் தொடக்கூடாது,
தொட்டியைத் திருப்பக்கூடாது,
வெளிச்சம் மாறினால் ஆயுசுக்கும் கோணல்.

அந்த வாரம்தான் வீட்டுக்காரர் நஞ்சப்பன்
ஒழுகாமலிருக்க மாடிக்குப் பெயிண்ட் அடிக்க
ஆள் கூட்டி வந்தார்.
"அந்தத் தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தும்மா."
"இருபது நாள் ஆகும்."
"எதுக்கு?"
நான் குருத்தைக் காட்டினேன்.
அவர் குருத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பெயிண்டரிடம் "சுத்தி அடிச்சுட்டுப் போப்பா" என்றார்.

இப்போது மட்டைகள் முற்றிவிட்டன,
பதினொன்றும் நேர்.
நேற்று தொட்டியை நகர்த்திப் பார்த்தேன்.
மாடி முழுக்கச் செங்காவி,
நடுவில் அண்டாவாய் அகலத்துக்குப் பழைய சிமெண்ட்.
அங்கே மட்டும்தான் மழை இறங்குகிறது,
கீழே என் அடுப்பு மேடைக்கு.
சொம்பை வைத்திருக்கிறேன்.
நிறைந்தால் சாக்கடையில் ஊற்றுகிறேன்,
மேலே எடுத்துப் போவதில்லை.