வாடை: இல்லை

முதுநகரில் ஏறியதும் கண்டக்டர்
“ஜிப்மருக்காம்மா?” என்றார்.
நாற்பத்து நான்கு வயதில்
விடிகாலைப் பாண்டி வண்டியில்
வேறெதற்குப் போவார்கள்.
“லா காலேஜ். காலாப்பட்டு.”
“பிள்ளையைப் பார்க்கவா?”
மீதிச் சில்லறையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

பெண்ணையாற்றுப் பாலத்தில் ஒரு பிரிவு மனப்பாடம்.
கன்னியகோயிலில் அது இறங்கிப் போய்விடும்.

ஜெசிந்தா கருவாட்டுக் குழம்பைத் திறந்து
“சாரிக்கா, வாடை அடிக்கும்” என்று
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
எனக்கு எதுவும் அடிக்கவில்லை.
சிப்காட் ஆய்வகத்தில் பதினாறு வருஷம்.
மூக்கு செத்தது பத்தாம் வருஷம்.
சொல்லாமல், ஒரு வாய் கேட்டு வாங்கினேன்.
உப்பு தெரிந்தது.

மதியம் சாட்சியச் சட்டம்.
என்னைவிடச் சின்னவர்,
சாக்பீஸை மேஜையில் தட்டிக்கொண்டே சொன்னார்:
“ஆவணம் தானாகப் பேசாது.
எழுதியவரைக் கூண்டில் ஏற்ற வேண்டும்.”
எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.
எனக்கு என் பதிவேடு ஞாபகம் வந்தது.
கழிவுநீர் மாதிரி, காலை ஆறு மணி.
நிறம்: வெளிர் மஞ்சள்.
வாடை: இல்லை.
கீழே, கோடு தாண்டாத கையெழுத்தில்
ஆர். தில்லைநாயகி.

முதல் பத்து வருஷம் எழுதியது பொய்.
அதற்குப் பிறகு எழுதியதெல்லாம்
என் மூக்கறிய உண்மை.

“யாருக்காவது சந்தேகம்?”
கை தானாக உயர்ந்துவிட்டது.
“எழுதியவர், யாரும் கூப்பிடாமல்,
அவராகவே ஏறலாமா சார்?”

நாற்பது தலைகள் திரும்பின.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
“நல்ல கேள்விங்கம்மா.
செவ்வாய்க்கிழமை பார்க்கலாம்.”