நூறு லிட்டருக்கு ஒரு கிலோ

கொண்டை ஊசி இருபதும் இறங்கி
கன்னங்குறிச்சி ஷெட்டுக்கு வந்த பிறகும்
மூட்டைக்குள் சௌசௌவுக்கு
மலைக்குளிர் விட்டிருக்காது.
தோல் சீவினால் பால் கசியும்,
விரலோடு விரல் ஒட்டும்.
மெஷின் அதைச் சதுரம் சதுரமாகத் துப்பும்.

துண்டான கணத்திலிருந்தே தளரத் தொடங்கும்
என்பார் கெமிஸ்ட் மார்செலின்.
வெட்டுவாயில் ஏதோ நொதி ஊறி
செல்லுக்கும் செல்லுக்கும் நடுவிலுள்ள பசையைத்
தின்றுகொண்டே போகுமாம்.

அதற்குத்தான் இந்தத் தொட்டி,
இந்த வெள்ளைப் பொடி.
கால்சியம் குளோரைடைக் கொட்டினால்
பச்சைத் தண்ணீர் தானாகச் சுடும்.
முதல் நாள் அலறிக் கையை இழுத்துக்கொண்டேன்.
ஐஸ் போட்டுத் தணித்து
கூடையை முக்கி
இரண்டு நிமிடம்.

கால்சியத்துக்கு இரண்டு கை என்று
அட்டைப்பெட்டியின் முதுகில் வரைந்து காட்டினார்.
ஒன்று இந்தச் சுவரைப் பிடிக்கும்,
ஒன்று அந்தச் சுவரை.
சோடியத்துக்கு ஒரே கை, இந்த வேலைக்கு ஆகாது.
'அப்போ சோத்து உப்பு ஒத்தைக்கையனா சார்?'
என்றாள் அல்லிமுத்து.

மாசியில் ஐந்து ரோட்டு ஓட்டல்காரர்
காய் கொழகொழவென்று இருக்கிறதென்று
போனில் கத்தினார்.
யாரையும் கேட்காமல் மறுநாள்
மூன்று கிலோ போட்டேன்.

ஒன்பதாம் நாள் திறந்து பார்த்தால்
கல்.
நகம் இறங்கவில்லை.
எனக்கே பெருமையாக இருந்தது.
பதினெட்டுக் கிலோவும் திரும்பி வந்தது,
மூடிமேல் பேனாவில் ஒரே சொல்:
கசப்பு.

ஒரு துண்டை வாயில் போட்டேன்.
பாகற்காயின் கசப்பு இல்லை அது.
தண்ணீர் கிடைக்காமல்
மாத்திரையை நாக்கிலேயே வைத்திருப்பது போல.
நறுக்கென்ற சத்தம் மட்டும்
ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

சம்பளத்தில் பிடித்தார்கள். நியாயம்தான்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று
வெறும் தண்ணீரில் முக்கிய டப்பா ஒன்றும்
குளிர் அறையின் மூலையில் எப்போதும் இருக்கும்.
ஐந்தாம் நாள் அது லேசாகத் தோள் சரிந்து
அடியில் நீர் விட்டிருக்கும்.
அழுத்தினால் ரேகை பதியும்.
நோட்டில் எழுதிவிட்டு
வீட்டுக்கு எடுத்துப்போவேன்.
பாசிப்பருப்போடு ஒரே கொதி.
குழைவதற்குத்தானே கூட்டு.

நாளை நாகலூரிலிருந்து லோடு.
மார்செலின் லீவு.
பொடி அறைச் சாவியை
என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார்.
சாவிக் கொத்தோடு
ஒரு சின்னத் தராசும்.