இரண்டு சாண்

வாணர் தாம்போதியின் மூன்றாம் மதகில்
அளவுகோல் கட்டி இன்றோடு பதினாறு நாள்.
சிவப்பும் வெள்ளையுமாய்ப் பூசிய ஒரு சவுக்குத் தடி.
அதில் கடல் ஏறுவதும் இறங்குவதும்
மொத்தம் இரண்டு சாண்.
அமாவாசையன்று மட்டும் இரண்டரை.

வேறு கரைகளில்
மாடிவீட்டு உயரத்துக்குக் கடல் எழுமாம்.
பயிற்சியில் படம் காட்டினார்கள்.
சேற்றில் குந்தியிருந்த படகுகள்
ஆறு மணி நேரத்தில்
மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தன.
இங்கே கடல்
நித்திரையில் புரளும் ஆளைப் போல.
போர்வை கொஞ்சம் நகரும், அவ்வளவுதான்.

ஆனாலும்
சோழகம் சொல்லாமல் நின்றுவிடும்.
வெயில் மாரியில் லீவு எடுக்கும்.
டீசல் கப்பல் எப்போது வருமென்று
கொழும்புக்கே தெரியாது.
வத்தும் பெருக்கும் மட்டும்
என் மகள் கிழவியாகும் ஆண்டின் தைப்பொங்கலுக்கு
எத்தனை மணிக்கென்று இப்போதே எழுதித் தரலாம்.
நிலவு தவணை தவறுவதில்லை.
தவணைதான் சின்னது.

பொழுது பட்டதும் மதகின் வாயில் சில்லை இறக்கினோம்.
ஆறு தகடு, பழைய சைக்கிள் ஒன்றின் அச்சு,
ரூபகாந்தன் மூன்று இரவு சுற்றிய செப்புக் கம்பி.
பெருக்கு உள்ளே தள்ளியது.
கரையில் பல்ப்
முதலில் சிவந்தது, பிறகு மஞ்சளானது.
நாங்கள் கை தட்டவில்லை.
ஏனோ இருவரும் குரலைத் தாழ்த்திக் கதைத்தோம்,
பிள்ளை நித்திரையாகிற வீட்டில் போல.

நண்டு வலையைப் படகில் அடுக்கிக்கொண்டிருந்த
ஜெசிந்தாக்கா கேட்டா:
"இதால ஐஸ் உறையுமோ?"
நண்டு வாங்கும் லொறி வரக் காலை ஒன்பதாகும்.
அதற்குள் சாகிற நண்டுக்குப் பாதி விலை.

கொப்பியில் கணக்குப் போட்டேன்.
நீரின் வேகம் பாதியானால்
சக்தி பாதியாகாது,
எட்டில் ஒன்றாகும்.
"ஓடுற தண்ணி நடக்கத் தொடங்கினா
எட்டு ரூபா ஒரு ரூபாயாப் போயிடும், அக்கா."
"எங்கட சம்மாட்டியின்ர கணக்கு மாதிரி" என்றா.

பத்தரைக்கு நீர் நின்றது.
மிதந்து வந்த ஒரு சிரட்டை
மதகின் நடுவில்
உள்ளேயா வெளியேயா என்று தெரியாமல் நின்றது.
பல்ப் அணைந்தது.
பூச்சிகள் இன்னும் சற்று நேரம்
அதையே சுற்றின.

"மதகுகளை மூடித் தேக்கினால்
உயரம் கிடைக்கும்" என்றான் ரூபகாந்தன்.
உண்மைதான். தாளில் வடிவாகத்தான் இருக்கிறது.
ஆனால் இந்தத் தாம்போதியே
றோட்டுக்காகக் கடலின் கழுத்தைப் பிடித்ததுதான்.
போனால் போகட்டுமென்று விட்ட ஓட்டைகளால்
இறால் குஞ்சு உள்ளே வருகிறது,
கெட்ட நீர் வெளியே போகிறது.
அதற்கும் நான் கதவு போட்டால்
எந்தப் பக்கம் வரவு, எந்தப் பக்கம் செலவு?

அறிக்கையின் கடைசிப் பத்தி வெறுமையாய்க் கிடக்கிறது.
"பொருத்தமற்றது" என்று ஒரு சொல் இருக்கிறது.
எழுதினால் கோப்பு மூடப்படும்.
"வாய்ப்பு உண்டு" என்று இன்னொன்று.
எழுதினால் காசு வரும், வெள்ளை வாகனம் வரும்.
இரண்டும் பொய்யில்லை என்பதுதான் கரைச்சல்.

டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதினேன்:
ஊருக்குப் போதாது.
ஐஸுக்குப் போதாது.
மோட்டார் சைக்கிள்கள் கடலுக்குள் பாய்கிற
அந்த வளைவில் நாலு விளக்குக்குப் போதும்.
கூடவே ஒரு பற்றரி வேண்டும்,
நீர் நிற்கும் நேரத்தைத் தாண்ட.

நிமிர்ந்தபோது வத்துத் தொடங்கியிருந்தது.
சில்லு இப்போது மறுபக்கமாய்ச் சுற்றியது.
பல்புக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை,
எரிந்தது.

ஜெசிந்தாக்கா தாங்குகோலை ஊன்றினா.
"அப்ப ஐஸ்?"
"இதில இல்லை, அக்கா."
"சரி, அந்த வயரைக் கொஞ்சம் தூக்கிப் பிடி, பிள்ளை.
வலை மாட்டுது."