வேறு காரணம்

ரெங்கத்தில், டோபி கடைக்கு மேல்மாடி.
கீழே எட்டு இயந்திரங்கள் யார் யாருடைய போர்வையையோ சுழற்ற
மேலே என் மேசை லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும்.
திங்கள் பத்து மணிக்கு
ஹரேஷ் கோலாலம்பூரிலிருந்து திரையில் வருவான்.
அவனுக்கு ஒரே ஒரு எண் போதும்:
போன மாதம் எத்தனை விழுக்காடு பேர்
நம்மை விட்டுப் போனார்கள்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் கணிதம்,
மாதம் பத்தொன்பது வெள்ளி.
ஜனவரி முதல் தேதி நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
மாதக் கடைசியில் நானூற்று முப்பது.
"ஏறித்தானே இருக்கு, அப்புறம் என்ன?" என்பான்.
ஓட்டை வாளிக்குமேல் குழாயைத் திறந்துவிட்டு
தண்ணீர் மட்டம் பார்க்கிற கணக்கு அது.
புதிதாக வந்த ஐம்பத்தேழு பேரை ஒதுக்கி வைத்தால்
போனவர் முப்பத்தொன்பது.
நானூற்றுப் பன்னிரண்டால் வகுத்தால்
ஒன்பதரை.

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம்.
பெயர்ப்பட்டியலைத் திறந்தேன்.

ஒன்பது பேர் போகவே இல்லை, அவர்கள் அட்டைதான் போனது.
சம்பளம் ஏழாம் தேதி,
நாங்கள் பிடிப்பதோ முதல் தேதி.
எட்டாம் தேதி நாலு பேர் திரும்பி வந்தார்கள்,
தாங்கள் போனதே தெரியாமல்.
ஐந்து பேர் ஆறாம் ஆண்டை முடித்தவர்கள்.
முடித்துப் போவதையும் வெறுத்துப் போவதையும்
ஒரே கட்டத்தில் போட்டிருக்கிறேன்,
விதியை எழுதியவள் நானே.
ஒருவர் எழுதியிருந்தார்:
"டீச்சர் மூச்சு விடாம பேசுறாங்க." உண்மைதான்.
இன்னொருவர் எதுவும் எழுதவில்லை.

மீதி இருபத்து மூன்று.

விலகும்போது காரணம் கேட்க
விலை, நேரம், பாடம், வேறு என்று
நாலு பொத்தான் வைத்திருக்கிறோம்.
இருபத்து மூன்று பேரும் 'வேறு'.
இருபத்து மூன்றும் ஒரே வாரம், ஒரே முகவரி:
புக்கிட் கெலாம் தோட்டம், இரண்டாம் டிவிஷன்.

கோமளேஸ்வரி என்பவருக்குப் போன் போட்டேன்.
லாரிச் சத்தத்துக்கு நடுவில் பேசினார்.
"தோட்டத்த வித்தாச்சுங்க.
லயத்த காலி பண்ணச் சொல்லிட்டாங்க.
கூலாயில தம்பி வீட்டுல இருக்கோம், ஒரே ரூம்ல ஆறு பேரு.
உங்க படிப்பு மேல குறையொண்ணும் இல்ல."
பிறகு குரலைத் தாழ்த்தி,
"தர்வின் ஒண்ணு கேக்கச் சொல்றான்.
இருநூத்திப் பன்னெண்டு நாள் விடாம கணக்குப் போட்டிருக்கானாம்.
அது அழிஞ்சிடுமா?"

அழியும். தொண்ணூறாம் நாள், தானாகவே.
அதையும் எழுதியவள் நான்தான்.

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லி
தர்வினின் வரிசையில் 'விலகியவர்' என்பதை அழித்துவிட்டு
'இடைநிறுத்தம்' என்று அடித்தேன்.
முப்பத்தெட்டு. ஒன்பது புள்ளி இரண்டு.
விதிப்படி தப்பு.

திங்கட்கிழமை ஹரேஷுக்கு முகமெல்லாம் சிரிப்பு.
"பத்துக்குப் போயிடும்னு பயந்தேன். என்ன பண்ணுன?"
மற்ற இருபத்திரண்டு பேரைச் சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவன் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டான்:
ரத்துப் பொத்தானை இன்னும் ஒரு திரை
உள்ளே தள்ளி வைத்தால் என்ன?

கையில் இன்னொரு எண் வைத்திருந்தேன்,
அதை அவன் கேட்கவில்லை.
அறுபத்தொன்று.
மாதாமாதம் பணம் வருகிறது.
பாடத்தை ஆறு மாதமாக யாரும் திறக்கவில்லை.
அவர்களை 'இருப்பவர்' என்றுதான் எண்ணுகிறோம்.

கீழே ஓர் இயந்திரம் சுற்றி முடித்து நின்றது.
யாரோ வந்து கதவைத் திறக்கும்வரை
பீப் பீப் என்று
கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.