இரவல் முதலை

குஷிரோவில் மூடுபனி மாடிப்படி ஏறி வரும்.
கீழே சலவைக்கடை, மேலே என் கடை.
சாகக் கிடக்கும் விளையாட்டுக் கேட்ரிட்ஜுகளுக்கு
பேட்டரி மாற்றித் தருகிறேன்.

இவாதாத்தே வந்தபோது மதியம் இரண்டு.
மீன் சந்தைக்குப் பனிக்கட்டி ஏற்றும் லாரிக்காரர்.
கையுறையோடு ஒரு கேட்ரிட்ஜை
மேசையில் வைத்தார், முட்டையை வைப்பதுபோல.
"உள்ளே ஒரு முதலை இருக்கிறது.
சாகக் கூடாது."

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.
திருகைக் கழற்றி அளந்தேன்.
மூன்று வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில்
இரண்டே கால்.
இன்னொரு குளிர்காலம் தாங்கியிருக்காது.

பழைய பேட்டரியை எடுக்கும் முன்
புதியதை ஒயரால் பக்கத்தில் சேர்த்துவிட வேண்டும்.
ஒரு கணம் மின்சாரம் அறுந்தால்
மலை, ஆறு, வைத்த பெயர், எல்லாம் போச்சு.
ஈயம் உருகிப் புகைந்தது.
அவர் மூச்சு விடவில்லை.
எனக்கும் சேர்த்து அவரே பிடித்துக்கொண்டிருந்தார்.

பொத்தானை அழுத்தினேன். இருந்தது.
மிசுகாமி இனம். நாலே நிறம்,
உடம்பில் பாதி வாய்.
நிலை முப்பத்தொன்று.
பெயர் தோபு, சாக்கடை என்று அர்த்தம்.
பிடித்தவர் என்ற இடத்தில் ரியோதா.
இவர் பெயரோ கோஹெய்.

சோதித்துப் பார்க்க ஒரு சண்டையில் இறக்கினேன்.
கடி என்றேன்.
தோபு முகத்தைத் திருப்பிக்கொண்டது.
கடி என்றேன் மறுபடி.
தோபு தூங்கிவிட்டது.

"பழுதில்லை," என்றார் அவசரமாக,
"அது இரவல்."

ஆறாம் வகுப்பு. பள்ளிப் படிக்கட்டின் திருப்பத்தில்
கேபிள் மாட்டி மாற்றிக்கொண்டார்கள்,
ஒரே ஒரு ராத்திரிக்கு.
இவர் கொடுத்தது
எந்தப் புதரிலும் கிடைக்கும் ஒரு கடற்காகம்.
அன்று வியாழன்.
அன்றிரவே செரிசாவா குடும்பம்
கடனைப் படகோடு விட்டுவிட்டு
ஊரைக் காலி செய்தது.
மறுநாள் கடன்காரர்கள் கதவை உடைத்தபோது
குக்கரில் சோறு இன்னும் சூடாக இருந்ததாம்.

"ஐந்தாவது பதக்கம் வாங்கிவிட்டால்
என் சொல்லையும் கேட்கும்."
வாங்கவில்லையா?
"வாசல் வரைக்கும் போவேன்."

இருபத்து நான்கு வருடம்.
பனிக்கட்டி இறங்கும் வரை லாரியில் காத்திருக்கும்
அதிகாலை மூன்று மணிகளில்
அந்த வாசல் வரை போய்த் திரும்புகிறார்.
உள்ளே போய் ஜெயித்தால்
தோபு இவருடையதாகிவிடும்.

முதலை கொண்டது விடாது என்பார்கள்.
இங்கே விடாதது எது என்று
எனக்குக் குழம்பிவிட்டது.
விழுங்கிய பிள்ளையை
வளர்ந்த வயதோடு கரையில் உமிழ்ந்த முதலை
ஏதோ ஒரு கதையில் உண்டு.
இதன் வயிற்றில் இருப்பவனுக்கோ
வயதே ஏறவில்லை.

"புதியது எத்தனை வருடம் வரும்?"
இருபது, கவனமாக இருந்தால்.
விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்.
"எனக்கு ஐம்பத்தைந்து."
கொஞ்சம் பொறுத்து,
"அவனுக்கும் ஐம்பத்தைந்துதான்."

இரண்டாயிரத்து இருநூறு யென்.
நோட்டில் மீன் வாடை.

எல்லாம் பிழைத்தது, கடிகாரத்தைத் தவிர.
திரை கேட்டது: இன்று என்ன கிழமை?
சுவரில் செவ்வாய் தொங்கியது.
அவர் அப்போதுதான் கையுறையைக் கழற்றினார்.
கட்டைவிரல் செவ்வாயில் நிற்கவில்லை,
புதனைத் தாண்டியது,
வியாழனில் கொஞ்சம் தயங்கி
வெள்ளியில் அழுத்தியது.

மணி?

காலை எட்டு பத்து.
வகுப்பு தொடங்க
இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது.